வாசகர் கேள்வி – பதில்: குடிசைகளுக்குள் கேட்ட பேச்சு

கேள்வி: இந்த ஆண்டு நீங்கள் படித்தவற்றில் மனத்துக்கு நெருக்கமான நூல்கள் எவை? நைஜீரிய நாவல்களைத் தொடர்ந்து படித்து வருவதாக முன்பு ஓர் இதழில் எழுதியிருந்தீர்கள். அங்கிருந்து அச்செபேயைத் தவிர வேறு எவரையும் நான் படித்ததில்லை.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சினுவா அச்செபே 1958-இல் வெளியிட்ட முதல் நாவலை என்.கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் தமிழில் தந்திருப்பதால், நைஜீரியா என்றதும் நம் வாசகர்களுக்கு அதன் நாயகன் ஒக்கொங்வோவும் அவனுடைய வள்ளிக்கிழங்குக் களஞ்சியமுமே நினைவுக்கு வருகின்றன. அந்த வளவில் அவனுடைய மனைவியர் மூவருக்கும் தனித்தனிக் குடிசைகள் உண்டு. அங்கே சமைத்த உணவைப் பிள்ளைகள் எடுத்துவந்து அவன்முன் வைப்பார்கள். அந்தக் குடிசைகளுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அறியும் ஆவலில்தான் இந்த ஆண்டு நைஜீரியப் பெண்கள் எழுதிய நாவல்களைத் தேடிப் படித்தேன்.

அவற்றுள் என் முதலிடம் புச்சி எமெச்செட்டா 1979-இல் எழுதிய ‘தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹூட்’ நாவலுக்கு. ‘தாய்மையின் இன்பங்கள்’ என்று பொருள்படும் அந்தத் தலைப்பின் கசப்பு கடைசிப் பக்கத்தில்தான் முழுவதுமாக உறைக்கும். 1934-இல், லேகோஸ் நகரத்தில், பால் கசியும் மார்போடு ந்னு எகோ என்ற இளம்பெண் பாலத்தை நோக்கி ஓடுவதில் கதை தொடங்குகிறது. முதல் குழந்தை இறந்து கிடந்ததைக் கண்டவள், நீரில் விழுந்து உயிரை விடப் போகிறாள். காப்பாற்றப்பட்டு மீண்டவளுக்குப் பின்னர் வரிசையாகப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். கணவன் வெள்ளைக்காரர் வீட்டில் துணி வெளுப்பவன். உலகப்போர் வந்ததும் அவனைப் பட்டாளத்துக்கு இழுத்துப்போகிறார்கள். இவள் சிகரெட்டும் விறகும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள். ஒரு மகன் அமெரிக்காவுக்கும் இன்னொரு மகன் கனடாவுக்கும் போய்விட, அவள் ஓர் இரவில், கையைப் பிடித்துக்கொள்ள ஒருவருமில்லாமல், சாலையோரத்தில் இறந்துபோகிறாள். பிறகு பிள்ளைகள் ஊர் மெச்ச இறுதிச்சடங்கு நடத்தி, பிள்ளை வரம் வேண்டுவோர் வந்து வணங்குவதற்காக அவள் பெயரில் ஒரு வழிபாட்டிடமும் எழுப்புகிறார்கள். எத்தனை பேர் வேண்டியும் அவள் ஒருவருக்கும் வரம் தரவில்லை என்று சொல்லி நாவலை முடிக்கிறார் எமெச்செட்டா. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நடுப்பகுதியில் ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு விளக்கவுரை சொல்லத் தொடங்குகிற இடங்கள் சில உண்டு, பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு லண்டனில் எழுதியவர் அவர். முதல் கையெழுத்துப் பிரதியைக் கணவரே தீயிலிட்டதாகச் சொல்லியிருக்கிறார். நாவலின் தலைப்புகூட இன்னொரு பெண்ணிடமிருந்து வந்ததுதான். ஃப்ளோரா ந்வாபா 1966-இல் வெளியிட்ட ‘எஃபூரு’வின் கடைசி வரிகளில், தாய்மையின் இன்பத்தை ஒருபோதும் அறியாத ஏரித்தெய்வத்தைப் பெண்கள் ஏன் வணங்குகிறார்கள் என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்குப் பதில்போலவே எமெச்செட்டாவின் நாவல் அமைந்திருப்பதால், முடிந்தால் ‘எஃபூரு’வை முன்னால் படியுங்கள்.

அடுத்தது சிமாமண்டா ந்கோசி அடிச்சியின் ‘ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்’, 2006-இல் வந்தது. நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோக முயன்ற கிழக்குப் பகுதியோடு 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ராப் போர் முடிந்து ஏழாண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர் அடிச்சி. அவருடைய தாத்தாக்கள் இருவரும் அந்தப் போர்க்காலத்தில் மாண்டவர்கள். வடக்கே நடந்த படுகொலைக்குத் தப்பி வரும் ரயிலில், ஒரு தாய் மடியிலிருக்கும் சுரைக்குடுவையைத் திறந்து காட்டுகிறாள். உள்ளே அவளுடைய மகளின் தலை இருக்கிறது. இந்த முடியைப் பின்னி முடிக்க எவ்வளவு நேரமாயிற்று தெரியுமா என்று அவள் சொல்கிறாள். போரைப் பற்றி அந்த நாவலில் நீண்ட விவாதங்கள் பல இருந்தும், எனக்கு நிலைத்தது அந்தப் பின்னல்தான். நாவலுக்குள் ஒருவர் எழுதும் புத்தகத்தின் பகுதிகள் இடையிடையே வருகின்றன. எழுதுபவர் யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

ஒயிங்கான் பிரேத்வெயிட்டின் ‘மை சிஸ்டர், தி சீரியல் கில்லர்’ ஒரே இரவில் முடிந்துவிட்டது. மறுநாள் அதிகம் மிஞ்சவில்லை. 1986-இல் நோபல் பரிசு பெற்ற வோலே சோயின்கா 2021-இல் வெளியிட்ட பெரிய நாவலைக் கால்வாசியில் வைத்துவிட்டேன். அங்கதம் கூர்மையானதுதான், ஆனால் வாக்கியங்கள் மூச்சுவாங்க வைக்கின்றன. நைஜீரியாவுக்கு வெளியே இந்த ஆண்டு என்னைப் பிடித்து நிறுத்தியது அயர்லாந்தின் கிளேர் கீகன் எழுதிய ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ என்ற குறுநாவல். கன்னிமாடத்தின் நிலக்கரிக் கொட்டகையில் அடைபட்டிருக்கும் ஒரு பெண்ணைக் காண்கிற கரி வியாபாரியின் கதை அது.

கேள்வி: ஆப்பிரிக்க நாவல்களில் வரும் பெயர்கள் வாயில் நுழைவதில்லை, பத்துப் பக்கத்துக்குள் யார் யாரென்று குழம்பிவிடுகிறேன். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ருஷ்ய நாவல்களைப் படித்த தலைமுறையிடமிருந்து இந்தக் கேள்வி வரலாமா? பெயரை வெறும் ஒலியாகக் கடந்துவிடாமல் பொருளைத் தேடிப் பிடியுங்கள். பல நாவல்களில் ஆசிரியரே சொல்லிவிடுகிறார். ந்னு எகோ என்றால் இக்போ மொழியில் இருபது மூட்டைச் சோழி. சோழியே பணமாக இருந்த நாட்டில் ஒரு தந்தை மகளுக்கு மதித்த விலை அது. அந்தப் பொருள் தெரிந்த பிறகு, சில்லறைக்குச் சிகரெட் விற்றுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கும் காட்சி வேறுமாதிரி தெரியும். அயோபாமி அடெபாயோ 2017-இல் எழுதிய ‘ஸ்டே வித் மீ’ நாவலில் யெஜிடே என்ற பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள் அரிவாள்செல் இரத்தசோகையால் அடுத்தடுத்து நோய்ப்படுகிறார்கள். செத்துச் செத்துத் திரும்பப் பிறக்கும் பிள்ளையை யொருபா மக்கள் அபிக்கு என்பார்கள். அத்தகைய பிள்ளைக்கு, மரணத்தைத் தடுக்கும் வேண்டுதலாகவே பெயர் சூட்டுவார்கள். குப்பன், பிச்சை என்று பெயரிட்டுக் காலனை ஏமாற்றப் பார்த்த நம் பாட்டிமாருக்கு இதை விளக்கவே வேண்டியிராது. யெஜிடேயின் மூன்றாவது குழந்தைக்கு ரொட்டிமி என்று பெயர் வைக்கிறார்கள். ‘என்னோடு இரு’ என்பது அதன் பொருள்.