இடது பக்க உள் பிரேக் பேட் மட்டும் ஏன் தேய்கிறது

அண்ணா, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் காப்பி மூட்டை இறக்கும் பிக்கப்பில் இடது முன்சக்கரத்தின் உள் பேட் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) மட்டும் தகடு தெரியத் தேய்கிறது, வெளி பேட் பாதி அப்படியே இருக்கிறது, புதுசு போட்டும் அதே கதை என்று கேட்டிருக்கிறீர்கள். பேட் மேல் தப்பில்லை, அதைத் தேய்க்கிற காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது.

முதலில், பேடுகளை அழுத்தும் காலிபர் நகர்வதற்கு இருக்கும் ஸ்லைடு பின் (கம்பி) இரண்டையும் கையால் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். என் வண்டியில் கீழ்ப் பின் சுத்தியல் போட்டுத்தான் வந்தது. ரப்பர் பூட் கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கி, பின் முழுக்கச் செந்துரு. ஸ்லைடு பின் சரியாக இருந்தால், ஜாக்கி போட்டு பிரேக்கை ஒருமுறை மிதித்துக் காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள், இறுக்கிப் பிடித்தால் பிளீடரை (காலிபரில் பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகு) கொஞ்சம் தளர்த்துங்கள். உடனே சக்கரம் லேசானால் பிரேக் ஆயில் வரும் ஹோஸ் உள்ளே அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் இறுக்கம் விடாவிட்டால் பேடைத் தள்ளும் பிஸ்டன்தான் சிக்கியிருக்கிறது.

ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும் போடுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும். பேட்டை இடது, வலது முன்சக்கரம் இரண்டிலும் சேர்த்தே மாற்றுங்கள். அப்புறம், 20 கொண்டை ஊசி வளைவையும் சின்ன கியரிலேயே இறங்குங்கள். இந்தப் பேடோடு இன்னொரு லோடு தயவுசெய்து இறக்காதீர்கள்.