"இந்த நாட்டு ஆட்கள் எப்படி?" என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று விஷயம். வங்கிக் கணக்கும் வாடகை வீடும் எடுப்பது எப்படி என்று ஒன்று. ஓட்டுநர் உரிமத்தை மாற்றுவது பற்றி ஒன்று. கடைசியில், போகிற போக்கில் கேட்டதுபோல, "வருவதற்கு முன் படங்களிலும் செய்தியிலும் பார்த்த நாடு ஒரு மாதிரி, இங்கே நம்மவர்கள் சொல்லும் நாடு வேறு மாதிரி. வீட்டிலிருந்து தினம் ஒரு பயமுறுத்தும் வீடியோ வருகிறது. உண்மையில் இந்த நாட்டு ஆட்கள் எப்படி?" என்று ஒன்று. முதல் இரண்டுக்கும் அரசின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். எங்களைப் போன்ற பழசுகளிடம் கேட்காதீர்கள். விதி மாறி எவ்வளவோ காலமாகியும் பாதிப் பேர் பழைய விதியையே ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவதைப் பேசுவோம். வந்த புதிதில் சனம் தடுக்கி விழுவது அதில்தான்.

இந்தக் கேள்விக்கு உடனே பதில் வைத்திருப்பவரை நம்பாதீர்கள். பதில் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். "இவர்கள் பல்லைக் காட்டுவார்கள், வீட்டுக்குள் விடமாட்டார்கள்" என்று ஒருவர் சொல்வார். "தங்கமான சனம், நாம்தான் ஒழுங்கில்லை" என்று இன்னொருவர் சொல்வார். கோடிக்கணக்கான ஆட்களை இரண்டு பேரும் ஒரே வரியில் அடக்கிவிட்டார்கள். அதில் எத்தனை பேருடன் அவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

வருவதற்கு முன் உங்கள் மண்டையில் இருந்த நாடு எங்கிருந்து வந்தது? 1965இல் யோஹான் கால்டுங், மாரி ரூகே என்ற இரண்டு நோர்வே ஆய்வாளர்கள், கொங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளைத் தங்கள் நாட்டின் நான்கு பத்திரிகைகள் எப்படி எழுதின என்று பார்த்தார்கள். எது செய்தியாகிறது, எது ஆவதில்லை என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் நமக்கு வேண்டிய சங்கதி இது: தூரத்து, அந்நியமான நாடு ஒன்று செய்தியில் ஏற வேண்டுமானால் அங்கே நடப்பது பெரிதாகக் கெட்டதாக இருக்க வேண்டும். பக்கத்து ஊரில் பாலம் திறந்தால் செய்தி. தூர நாட்டில் பாலம் இடிந்து விழுந்தால்தான் செய்தி. இது இரண்டு பக்கமும் வெட்டும். இந்த நாட்டைப் பற்றி உங்கள் வீட்டுக்குப் போவதும் விபரீதம்தான், உங்கள் நாட்டைப் பற்றி இங்கே வருவதும் விபரீதம்தான். வேலையிடத்தில் ஒருவர் "உங்கள் நாட்டில் இன்னும் சண்டையா, வெள்ளமா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். உங்களுக்குக் கிடைத்த அதே வடிகட்டிதான் அவருக்கும் கிடைத்தது.

படங்கள் செய்வது இதன் மறுபக்கம். துப்புரவான தெரு, பெரிய ஜன்னல், யாருக்கும் வேலைக்குப் போகும் அவசரமில்லை. அந்தப் படத்தோடு வந்து இறங்கி மனம் உடைந்துபோகிறவர்களும் உண்டு. பாரிஸுக்கு வந்து அப்படி நிலைகுலைந்த ஜப்பானியர்களை அங்கே வேலை செய்த ஹிரோவாக்கி ஓட்டா என்ற மனநல மருத்துவர் 1980களில் பதிவு செய்தார். அது அரிதான உச்சம். சாதாரணமாக நடப்பது முதல் குளிர்காலத்தில் வரும் ஒரு கசப்பு, அவ்வளவுதான். தானாகத் தேயும்.

தேயாதது பயம். அமெரிக்காவில் ஜோர்ஜ் கெர்ப்னர் என்ற பேராசிரியர் 1960களின் கடைசியிலிருந்து தொலைக்காட்சி வன்முறையை எண்ணத் தொடங்கினார். (அவரும் நம் சாதிதான்: புடாபெஸ்டில் பிறந்து, 1939இல் கப்பலேறிய ஆள்.) ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பார்ப்பவர்கள், தங்களுக்கு அடி விழும் வாய்ப்பை மற்றவர்களை விடக் கூட்டிச் சொன்னார்கள், பிறரைக் குறைவாக நம்பினார்கள். இதைச் சொல்கிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் இன்னொரு பாதியும் உண்டு. 1979இல் அந்தனி டூப், கிளென் மக்டொனால்ட் இருவரும் டொரொன்டோவில் இதையே பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். எந்தப் பகுதியில் குற்றம் கூட என்பதைக் கணக்கில் எடுத்ததும் பார்க்கும் நேரத்துக்கும் பயத்துக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் காணாமல் போனது. ஆகவே "தொலைக்காட்சி மூளையைக் கழுவுகிறது" என்று சத்தம் போடுகிறவரையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். உங்களுக்குத் தேவையானது நீங்கள் குடியிருக்கும் பகுதியின் குற்ற எண்ணிக்கை. நாட்டின் எண்ணோ, வீடியோவில் வந்த நகரத்தின் எண்ணோ அதற்கு உதவாது. பல நாடுகளில் காவல்துறையோ புள்ளிவிவரத் துறையோ அதைப் பகுதிவாரியாக வெளியிடுகின்றன.

எண்ணைப் பார்க்கும்போது நான்கைக் கேளுங்கள். எத்தனை? எத்தனையில்? எவ்வளவு காலத்தில்? எதோடு ஒப்பிட்டு? இரண்டாவதை மட்டும் தவறவிட்டாலே எல்லாம் கெட்டுவிடும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான். 20 லட்சம் பேர் வாழும் நகரம். ஆளுக்கு ஒரு நாளில் இருபது அந்நியர்களைக் கடக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு சந்திப்பில் இரண்டு பேர், ஆகவே மொத்தம் 2 கோடிச் சந்திப்புகள். அதில் இரண்டு மட்டும் கைகலப்பாகி, யாரோ படம் பிடித்துவிடுகிறார்கள். உங்கள் தொலைபேசிக்குத் தினம் இரண்டு, மாதம் 60 வீடியோ வரும். 60 பார்த்தவருக்கு அந்த நகரமே எரிவது போலிருக்கும். நடந்ததோ ஒரு கோடிக்கு ஒன்று. படம் பிடிக்கப்படாதது இதைப் போல நூறு மடங்கு என்று வைத்தாலும் லட்சத்துக்கு ஒன்றுதான்.

இதைச் சொன்னதும், "இங்கே இனவெறியே இல்லை என்கிறீர்களா?" என்று ஒருவர் வருவார். இருக்கிறது, தம்பி. ஆனால் வீடியோ காட்டும் இடத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்தால் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கோட்டைவிடுவீர்கள். மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பொஸ்டனிலும் சிகாகோவிலும் ஏறக்குறைய 5,000 வேலை விண்ணப்பங்களை அனுப்பி 2004இல் முடிவை வெளியிட்டார்கள். தகுதிகள் ஒரே தரம், பெயர்கள் மட்டும் வெள்ளையர் பெயர், கறுப்பினத்தவர் பெயர் என்று மாற்றிப் போடப்பட்டன. முதல் வகைக்குச் சுமார் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. இரண்டாம் வகைக்குச் சுமார் பதினைந்துக்கு ஒன்று. இதை எவரும் தொலைபேசியில் படம் பிடிக்க முடியாது. அடி இல்லை, இரத்தம் இல்லை, வராமல் போன ஓர் அழைப்பு மட்டும். தெருவில் பயந்து நடப்பவர்கள் இதற்கு ஆயத்தமாவதில்லை. நீங்கள் ஆயத்தமாகுங்கள்: விண்ணப்பங்களைக் கூட்டி அனுப்புங்கள், அனுப்பிய திகதி, பதில், மறுத்த காரணம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பிறகு முறையிட நேர்ந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

இப்போது எனக்கு ஆகாத விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வந்தவர் உள்ளூர் மொழியில் நான்கு வசனம் பேசப் பழகுமுன் கற்றுக்கொள்வது, மற்றப் புலம்பெயர்ந்தவர்களைத் திட்டுவதை. "அந்த நாட்டுக்காரன் கள்ளன்", "இந்த நாட்டுக்காரன் சோம்பேறி." கற்றுக்கொடுப்பது நம்மவர்தான். இதன் அடியில் ஒரு கணக்குக் கோளாறு இருக்கிறது. 1976இல் டேவிட் ஹாமில்டன், ரொபர்ட் கிஃபோர்ட் என்ற இருவர் ஆட்களிடம் 39 வசனங்களைக் காட்டினார்கள். 26 வசனம் 'அ' என்ற குழுவைப் பற்றி: 18 நல்லது, 8 கெட்டது. 13 வசனம் 'ஆ' என்ற சின்னக் குழுவைப் பற்றி: 9 நல்லது, 4 கெட்டது. வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் விகிதம் ஒன்றே. ஆனால் பார்த்தவர்கள் 'ஆ'வின் கெட்டதை உள்ளதைவிட அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள், 'ஆ'வைக் குறைத்தும் மதிப்பிட்டார்கள். சின்னக் குழு அரிது. கெட்ட செயலும் அரிது. இரண்டு அரிதும் ஒன்றாக வந்தால் கண்ணில் தைக்கிறது. இதற்கு ஊடகத்தின் கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை, நேர்மையாக எல்லாவற்றையும் சொன்னாலே போதும். தலைப்பில் வேறு நாட்டின் பெயரைப் போட்டால் அந்தத் தையல் இன்னும் இறுகும். இந்த நாட்டில் நீங்களும் 'ஆ' குழுதான் என்பதை, அடுத்தவரைத் திட்டும் அண்ணைமார் மறந்துவிடுகிறார்கள்.

தொலைபேசியில் செய்தி பரப்பும் நம்மவர் குழுக்களும் ஊடகம்தான். அங்கே கதை எப்படித் திரிகிறது என்பதற்கு 1940களில் கோர்டன் ஒல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையைப் பாருங்கள். ரயில் பெட்டி ஒன்றின் படம். அதில் சவரக்கத்தி வெள்ளைக்காரர் கையில். பக்கத்தில் ஒரு கறுப்பர். படத்தைப் பார்க்காதவரிடம் சொல்லி, அவர் அடுத்தவரிடம் சொல்லி என்று ஐந்தாறு வாய் கடந்தது. பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் எங்கோ ஒரு கட்டத்தில் கத்தி கறுப்பரின் கைக்கு மாறிவிட்டது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கத்தி "இருக்க வேண்டிய" கைக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் குழுக்களில் ஒரு சம்பவம் ஞாயிற்றுக்கிழமைக்குள் எத்தனை வாய் கடக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

வீடியோ வந்தால் இப்படிச் செய்யுங்கள். ஓடவிட்டுப் பார்க்குமுன் ஓரிடத்தில் நிறுத்தி, அந்தச் சட்டகத்தைப் படமாக எடுத்து, படத் தேடலில் போடுங்கள். பழைய வீடியோக்கள் பாதி அங்கேயே பிடிபடும். பிடிபடாவிட்டால் வாகனம் எந்தப் பக்கம் ஓடுகிறது, எண்தகட்டின் வடிவம், காவலரின் சீருடை, பெயர்ப்பலகையின் மொழி, மரத்தில் இலை இருக்கிறதா என்று பாருங்கள். "நேற்று நடந்தது" என்று வருகிற வீடியோவில் மரம் பச்சையாக இருக்க, அந்த ஊரில் இப்போது பனி கொட்டிக்கொண்டிருந்தால் முடிந்தது கதை. பார்க்க வேண்டாமென்றால் முழுக்கப் பார்க்காமல் விடுங்கள். திட்டிக்கொண்டு மூன்று முறை பார்த்தாலும், எவ்வளவு நேரம் தங்கினீர்கள் என்பதைத்தான் செயலி பெரிதும் எடுத்துக்கொள்கிறது. பார்த்த வரலாற்றை அழியுங்கள், தானாக ஓடுவதை நிறுத்துங்கள், "ஆர்வமில்லை" என்ற பொத்தானைச் சலிக்காமல் அழுத்துங்கள். அந்த இடத்தை உங்கள் நகரசபை, நூலகம், பேருந்துச் சேவை, உள்ளூர்ப் பத்திரிகை ஆகியவற்றால் நிரப்புங்கள். சலிப்பாக இருக்கும். வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தச் சலிப்புத்தான், அதைத்தான் படங்கள் காட்டுவதில்லை.

ஆட்களை அறிய ஆட்களிடம்தான் போக வேண்டும். ஆனால் கடைக்காரரிடம் நன்றி சொல்வது அறிமுகமாகாது. இரு குழுவினர் பழகி ஒருவர் மேல் ஒருவருக்கு உள்ள தப்பெண்ணம் குறைய, மேலே சொன்ன அதே ஒல்போர்ட் 1954இல் நான்கு நிபந்தனை சொன்னார்: சரிசமமான நிலை, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, மேலிருப்பவரின் ஆதரவு. விளையாட்டுக் கழகம், தன்னார்வத் தீயணைப்பு, பெற்றோர் சங்கம், பாடகர் குழு போன்றவற்றில் நான்கும் கிடைக்கும். நீங்கள் துடைக்க, அவர் மேற்பார்வை செய்யும் இடத்தில் கிடைக்காது. இப்படிப் போய் இருந்து பழகிய நம்மவர் கொஞ்சம்தான். மொழி முழுக்க வராமலே போய் உட்கார்ந்தவர்கள் அவர்கள், அதில் எனக்குப் பெருமை. ஒரு பொறி மட்டும் கவனம்: நல்லவர் ஒருவரைக் கண்டால் "இவர் வேறு, மற்றவர்கள் அப்படித்தான்" என்று மனம் அவரைத் தனிப் பெட்டியில் போட்டுவிடும். மற்றவர்களைப் பற்றிய பழைய படிமம் சேதமில்லாமல் தப்பிவிடும். மூன்று நான்கு பெட்டி சேர்ந்தால் எது விதி, எது விலக்கு என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் தலைமுறைக்கு இந்தத் தொல்லை வேறு வடிவில் வந்தது. கடிதம், தொலைபேசி அட்டை, கைமாறிக் கைமாறிக் கோடு விழுந்த வீடியோ கேசட். கேசட்டில் வந்த ஊர் எங்களுக்கு அப்படியே நின்றுவிட்டது. பிறகு கூரைக்குக் கூரை தட்டு அன்டெனா வந்தது, அறைக்குள் சொந்த நாடு இருபத்துநாலு மணி நேரமும் ஓடியது. இங்கே கால் நூற்றாண்டு வாழ்ந்தும் இந்த நாட்டுத் தேர்தலில் யார் நின்றார் என்று தெரியாதவர்களை அது உருவாக்கியது. இந்த நாட்டுச் சனத்தைப் பற்றி அடித்துப் பேசுவது பெரும்பாலும் அவர்கள்தான். 1983இல் பிலிப்ஸ் டேவிசன் என்பவர் எழுதினாரே, ஊடகம் மற்றவர்களைத்தான் மாற்றும், தன்னை மாற்றாது என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்கள் என்று, அதற்கு உயிருள்ள சாட்சிகள். அதே ஆட்கள் ஊருக்கு அனுப்பிய புகைப்படங்களையும் சொல்ல வேண்டும்: யாருடையதோ ஒரு காரில் சாய்ந்து நின்று எடுத்தவை. இரவு வேலையின் படம் ஒன்றுகூடப் போகவில்லை. அதைப் பார்த்துக் கிளம்பி வந்தவர்கள் எத்தனை பேர்!

நீங்களும் இப்போது அனுப்பும் பக்கத்தில் இருக்கிறீர்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பேருந்துத் தரிப்பிடம், துணி துவைக்கும் அறை, வேலைச் சப்பாத்து எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். அம்மா பயந்துபோய் ஒரு வீடியோ அனுப்பினால், "பொய், பார்க்காதீர்கள்" என்று எழுதினால் அவருக்குப் பயம் கூடும். அது நடந்த ஊர், நடந்த திகதி, உங்கள் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீற்றர் என்ற மூன்றையும் எழுதி, அன்றைக்கு உங்கள் தெருவை எடுத்த பத்து விநாடி வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள்.