அவரவர் நியாயம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். வீட்டில் பதினொரு பங்காளிகளுக்குப் பங்கு உண்டு, எல்லோரும் வெளியூரில் இருக்கிறோம். போன முறை முன்னோர் படைப்புக்குக் கூடியபோது பொதுச் சாமான் அறையைத் திறந்தால் பாதி காலி. பித்தளை அண்டா, மங்குத் தூக்கு ஒன்றும் இல்லை. சாவி வைத்திருந்த பெரியப்பச்சி (பெரியப்பா) யாரிடமும் சொல்லாமல் பழம்பொருள் கடைக்குப் போட்டுவிட்டார். கேட்டதற்குக் கோபப்படவே இல்லை. "சரி, தப்பெல்லாம் நாமா வச்சுக்கிட்டதுதானப்பா. கடைத்தெரு ராவுத்தருக்கு வட்டி பாவம், செட்டியார்கள் நமக்கு அதுதான் தொழில். இதில எது நிஜம்? அவரவருக்கு அவரவர் நியாயம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. யோசித்தால் அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றுகிறது. அறம் என்று நமக்கு வெளியே ஒன்று இருக்கிறதா, இல்லை காபிக்குச் சர்க்கரை போடுவது மாதிரி அதுவும் ருசிதானா?

சு., பெங்களூரு

அன்புள்ள தம்பி,

பெரியப்பச்சியின் சென்னை வீட்டுப் பூட்டை உடைத்து யாராவது டிவியைத் தூக்கிப் போயிருந்தால், போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு "அவனுக்கு அவன் நியாயம்" என்றா சொல்லியிருப்பார்? இப்படிக் கேட்டு அவரை மடக்கலாம். ஆனால் அது பதிலாகாது. சொல்கிறவர் தன் சொல்படி நடக்கவில்லை என்பதால் சொன்னது பொய்யாகிவிடாது. அதனால் அவர் கொடுத்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். அது நல்ல உதாரணம்.

மனுநூலில் மாத வட்டி நூற்றுக்கு 2, 3, 4, 5 என்று, கடன் வாங்குகிறவனின் வருணத்தைப் பார்த்து ஏறுகிறது. மேலே இருப்பவனுக்குக் குறைச்சல், கீழே இருப்பவனுக்கு அதிகம். இஸ்லாத்தில் வட்டியே கூடாது. ஐரோப்பாவில் திருச்சபையும் பல நூற்றாண்டுகள் அதைப் பாவம் என்றுதான் சொல்லிவந்தது. ஊருக்கு ஊர் மாறுகிறது, சரி. ஆனால் பழைய இந்துச் சட்டத்திலேயே தாம்துபட் என்று ஒரு விதி உண்டு: ஒரே சமயத்தில் வசூலிக்கிற வட்டி அசலைத் தாண்டக் கூடாது. அது எதற்கு? ராவுத்தர் கடையில் உட்கார்ந்து வட்டி ஏன் கூடாது என்று கேட்டுப் பாருங்கள். முதலில் மார்க்கத்தில் விலக்கியது என்பார், அப்புறம் கஷ்டத்தில் இருக்கிறவனைப் பிழியக் கூடாது என்பார். தாம்துபட் விதியும் அதைத்தான் சொல்கிறது. பிழிவது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில்தான் இரண்டு பக்கத்துக்கும் தகராறு, பிழியலாமா என்பதில் இல்லை. ருசியில் இப்படித் தகராறு வராது. சர்க்கரை குறைவாகப் போட்டுக்கொள்கிறவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

நியாயம் எல்லாம் அந்தந்த ஊர் வைத்துக்கொண்டதுதான் என்றால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். நம் பக்கம் அப்போது ராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் ஆதிக்கச் சாதிக்காரர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். 1931இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அதைப் பதிவுசெய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. கீழ்ப்படியாதவர்களின் குடிசையைக் கொளுத்தினார்கள். அடுத்த ஜூனில் தடை பதினொன்றாக ஏறியது. தண்ணீர் எடுக்கும் பெண்கள் பித்தளை, செம்புக் குடம் எடுக்கக் கூடாது, சும்மாட்டுக்குத் துணி வைக்கக் கூடாது, வைக்கோல்தான் வைக்க வேண்டும். சும்மாடு வரைக்கும் இறங்கி யோசித்திருக்கிறார்கள்! உங்கள் வீட்டு அறையில் அண்டாவும் தவலையும் உத்தரம் வரை அடுக்கியிருந்த காலமும் அதுதான்.

போட்டவர்களுக்கு அது நியாயம். கூடிப் பேசி வைத்துக்கொண்டதுதானே. பெரியப்பச்சியின் கணக்குப்படி, செப்புக் குடத்தோடு முதலில் கிணற்றுக்குப் போன பெண் அன்றைக்குத் தப்புச் செய்தவள், பிறகு ஊர் மனசு மாறியதும் சரியானவள். எனக்கு இது தொண்டையில் இறங்கவில்லை. அவள் அன்றைக்கே சரி. ஊருக்கு அது தெரிய நாளாயிற்று, அவ்வளவுதான்.

'அன்றைக்கே சரி' என்றால் அந்தச் சரி எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். ஜே.எல். மேக்கி என்ற தத்துவவாதி 1977இல் இதைத்தான் கேட்டார்: அறம் என்று ஒரு சரக்கு உலகத்தில் தனியாக இருக்குமானால் அது வேறு எதைப்போலவும் இல்லாத விசித்திரமான சரக்காக அல்லவா இருக்க வேண்டும்? எடுத்துக் காட்டு என்றால் எனக்கும் காட்டத் தெரியாது. ஆனால் எடுத்துக் காட்ட முடியாதது எல்லாம் ருசி ஆகிவிடுமா என்ன? ஐந்தொகையை, அதாவது வரவும் பற்றும் நேராகிறதா என்று பார்க்கிற கணக்கை, எடுத்துக்கொள்ளுங்கள். வரவு, பற்று என்பதெல்லாம் மனிதன் ஏற்படுத்தியதுதான். ஆனாலும் கணக்கு நேராவதும் நேராகாததும் கணக்கப்பிள்ளையின் இஷ்டம் இல்லை.

இந்த உவமையில் ஒரு ஓட்டை இருக்கிறது. எங்கள் ஐயா பர்மாவில் பெகு பக்கம் ஒரு வட்டிக்கடைக்கு மேலாளாகப் போனவர், மூன்று வருஷக் கணக்கில். அவர் எழுதிய பேரேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. பிள்ளையார் சுழி, சிவமயம், அப்புறம் மவுங், கோ என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாகத் தமிழில். மை பழுப்பேறிவிட்டது, கூட்டலில் ஒரு பிழை கிடையாது. 1930இல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6, 1937இல் 25. யாரும் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை, ரொக்கம்தான் வேண்டியிருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பக்கங்களில் ஒரு பெயருக்கு நேரே நிலம் வரவு என்று எழுதி, கீழே கோடு இழுத்திருக்கிறது. அந்தக் குடும்பம் அப்புறம் எங்கே போயிற்று என்பதற்கு அதில் பத்தி இல்லை. கணக்கு நேர், ஆள் விட்டுப்போனார்.

அதனால் நான் வந்து நிற்கும் இடம் இது. அறத்தில் மாறாத பட்டியல் ஒன்று எங்கேயோ கல்லில் வெட்டிவைத்திருக்கிறது என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு நியாயத்தை எழுதும்போது யாரையோ விட்டுவிட்டோம் என்பது நம் அபிப்பிராயத்தைப் பொறுத்த விஷயம் இல்லை. விட்டுப்போன ஆள் அங்கே நிஜமாகவே நிற்கிறார். வலிக்கிறதா என்பதை அவர்தான் சொல்ல முடியும், நாம் கூடிப் பேசி முடிவு பண்ண முடியாது.

இப்போது உங்கள் கடிதத்துக்கே வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பதினொரு பங்காளிகள் என்று எண்ணிச் சொல்லியிருக்கிறீர்கள். வீட்டுப் பங்கு ஆண்வழியில் வந்த கணக்கு. பாத்திரம் அப்படி வரவில்லையே? அந்த அண்டாக்களில் பாதியாவது யாரோ ஒரு ஆச்சி கல்யாணத்தில் சீராகக் கொண்டுவந்ததாக இருக்கும். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக விலாசம் (குடும்பத்தின் பெயரெழுத்து) வெட்டியிருக்குமே, அது பல பாத்திரத்தில் உங்கள் வீட்டு விலாசமாக இருக்காது, அவள் பிறந்த வீட்டு விலாசமாக இருக்கும். பெரியப்பச்சி உங்களைக் கேட்காமல் விற்றார். நீங்கள் பதினொரு பேரும் கூடி ஒப்புக்கொண்டு விற்றிருந்தால் சரியாகியிருக்குமா?

பழம்பொருள் கடைக்காரர்கள் பாத்திரத்தைப் புளி போட்டு விளக்குவார்கள், விலாசத்தை அழிக்க மாட்டார்கள். அது இருந்தால்தான் விலை. சீக்கிரம் போனால் பார்க்கலாம். அதற்கு முன்னால் உங்கள் அப்பத்தாவிடம் கல்யாணச் சீர் எழுதிய முறைச்சிட்டை ஏதாவது பத்திரமாக இருக்கிறதா என்று கேளுங்கள்.