புயலைப் படிக்க ஆசைப்படும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா,

மகள் புயல், இடிமழை முன்னறிவிப்பு ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள், கணினிப் படிப்புக்கு அவள் மனதை மாற்றித் தரமுடியுமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில்.

முதலில் உங்கள் பயம். சூறாவளியைத் துரத்திக்கொண்டு வண்டியில் ஓடுவதுதான் இந்த வேலை என்று வீடியோக்களைப் பார்த்து நினைத்திருக்கிறீர்கள். களத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அதுவும் சில வாரங்களுக்குத்தான். மீதி நாளெல்லாம் கணினி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆக, நீங்கள் ஆசைப்படும் கணினியும் இதற்குள்ளேயே இருக்கிறது.

வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம். பெரிய மழைத்துளி விழும்போது காற்றின் அழுத்தத்தில் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். ஆலங்கட்டி புரண்டு புரண்டு விழுவதால் ரேடாருக்கு ஏறக்குறைய உருண்டையாகவே தெரியும். இப்போதைய ரேடார்கள் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அதிரும் அலைகளை அனுப்பி, திரும்பி வருவதை ஒப்பிட்டுப் பார்த்து, மேகத்துக்குள் இருப்பது மழையா, கல்லா என்று பிரிக்கின்றன. டொர்னாடோ என்ற சுழல்காற்று பிய்த்து மேலே வீசிய வீட்டுக் கூரையின் துண்டுகள்கூட அதில் தெரியும். இதை யோசித்தவர்கள் இயற்பியல் படித்தவர்கள், கருவியைச் செய்தவர்கள் மின்னணுப் பொறியாளர்கள், திரையில் வருவதைக் கணக்காக்குகிறவர்கள் நிரல் எழுதத் தெரிந்தவர்கள்.

இனி, “எல்லாவற்றையும் ஏஐ செய்துவிடாதா?” என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். 2023-இல் வந்த கிராஃப்காஸ்ட் என்ற ஏஐ மாதிரி (வானிலையைக் கணிக்கும் கணினி நிரல்), பத்து நாள் முன்னறிவிப்பை ஒரு நிமிடத்துக்குள் தந்துவிடுகிறது. ஆனால் அது உலகத்தைச் சுமார் 25 கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் பார்க்கிறது. ஓர் இடிமேகம் அந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே பிறந்து முடிந்துவிடும். அதைப் பிடிக்க இன்னும் நுணுக்கமான மாதிரிகள் வேண்டும். தவிர, ஒரே ஒரு கணிப்பை நம்பவும் முடியாது. 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை விஞ்ஞானி தன் கணினியில் ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கணக்கு காட்டிய வானிலை முற்றிலும் வேறாகப் போய்விட்டது. அதனால்தான் இன்று தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றிப் பல தடவை ஓட்டி, எத்தனை தடவை புயல் வருகிறது என்று பார்க்கிறார்கள். இதற்குப் புள்ளியியல் தெரிந்தவர்கள் நிறைய வேண்டும்.

ஆனால் எனக்கு மனதைத் தொடுவது இந்தத் துறையின் வேறொரு பக்கம். 2011 மே 22 அன்று அமெரிக்காவின் ஜாப்ளின் நகரத்தை டொர்னாடோ தாக்கியது. அது தரையிறங்குவதற்கு 17 நிமிடம் முன்பே எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது, சைரனும் ஒலித்தது. அப்படியும் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்பு பல தடவை சைரன் கேட்டு ஒன்றும் நடக்காததால், வேறு எங்காவது உறுதி செய்துகொண்டு கிளம்பலாம் என்று பலர் நின்றுவிட்டார்கள். கணிப்பு சரியாக இருந்தும் உயிர் போனது. மக்கள் எந்தச் சொல்லைக் கேட்டால் உடனே நகர்வார்கள், எத்தனை பொய் எச்சரிக்கை ஆனால் நம்பிக்கை போகும் என்பதெல்லாம் இன்று முழுநேர ஆராய்ச்சி. உளவியலும் சமூகவியலும் படித்தவர்கள் வானிலைக்காரர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். உங்கள் மகளுக்கு மனிதர்களைப் புரிந்துகொள்வதில் ஆர்வம் இருந்தால் இந்தப் பக்கத்தையும் காட்டுங்கள்.

சரி, என்ன படிக்கலாம்? இளநிலையிலேயே வானிலையியல்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். இயற்பியல், கணிதம், பொறியியல் எதுவானாலும் போதும். முதுநிலையில் வளிமண்டல அறிவியலுக்கு மாறிக்கொள்ளலாம். பைத்தான் என்ற நிரல் மொழி கட்டாயம். பழைய மாதிரிகளில் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல் மொழி இன்னும் ஓடுகிறது, அதைக் கண்டு அவள் அலுத்துக்கொள்ளக் கூடாது. ஆராய்ச்சியாளர் ஆக முனைவர் பட்டம் அநேகமாகத் தேவைப்படும், அதற்கு வருடங்கள் ஆகும். இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. நடுவில் மனம் மாறினாலும் தரவு, காப்பீடு, விமானப் போக்குவரத்து, மின்சாரத் துறைகளில் இதே திறமைக்கு இடம் இருக்கிறது. முன்னறிவிப்பு மையத்தில் சேர்ந்தால் இரவுப் பணி உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஆசை உண்மையானதா என்று பார்க்க ஒரு வழி. மூன்று மாதம் தினமும் மாலையில், நாளை மழைக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று முன்னறிவிப்பு சொல்வதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் மழை வந்ததா இல்லையா என்று பக்கத்தில் குறிக்கட்டும். 70 சதவீதம் என்று சொன்ன நாட்களை மட்டும் தனியாக எடுத்தால், அவற்றில் பத்துக்கு ஏழு நாள் மழை பெய்திருக்கிறதா? முன்னறிவிப்பை ஆராய்ச்சியாளர்கள் சோதிக்கும் முறைகளில் இதுவும் ஒன்று. பத்தாம் நாளே அலுத்துப்போனாலும் பரவாயில்லை, திட்ட வேண்டாம். தொடர்ந்து எழுதினால் அந்த நோட்டோடு அவளை அழைத்து வாருங்கள், எந்தப் பாடத்தில் சேர்க்கலாம் என்று மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.