அத்தை வீட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவருக்கு

கேள்வி: ஆடிட் வேலையாகப் பத்து நாள் கும்பகோணத்தில் தங்கியிருக்கிறேன். அலுவலகம் மகாமகக் குளத்துக்குப் பக்கம். மதியம் 1 முதல் 2.15 வரை இடைவேளை. அந்த நேரத்தில் ஊரை நடந்தே பார்த்துவிட ஆசைப்பட்டு, மேப்பில் பதினோரு இடம் குறித்துக்கொண்டேன். மூன்று நாளாகப் போகிற கோயிலெல்லாம் பூட்டு. கல்தரையில் வெறுங்காலோடு நடந்து உள்ளங்கால் கொப்பளித்ததுதான் மிச்சம். அப்பாவின் அக்கா பொற்றாமரைக் குளத்தருகே இருக்கிறார். கண்ணில் பட்டால் சாப்பிட உட்கார வைத்துவிடுவார் என்பதால் அந்தத் தெருவை மட்டும் தவிர்த்துச் சுற்றிப் போகிறேன். குறைந்த நேரத்தில் நிறைய பார்க்க வழி சொல்லுங்கள்.
– வாசகி, சென்னை

பதில்: அந்த ஊர்க் கோயில்களில் மதியம் 12, 12.30 வாக்கில் நடை சாத்தினால் மாலை 4, 4.30க்குத்தான் திறப்பார்கள். அத்தைக்கு ஒரு போன் போட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். காலும் தப்பியிருக்கும்.

பொற்றாமரைக் குளம் இருப்பது சாரங்கபாணி கோயிலுக்கும் கும்பேஸ்வரர் கோயிலுக்கும் நடுவில். ஊரின் நடுவை ஒதுக்கிவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பியிருக்கிறீர்கள். யாருக்குப் பயந்து? சோறு போடுவேன் என்கிற ஒரு மனுஷிக்கு! கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் வாசலில் வந்து நிற்பது என்ன என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கள். கும்பகோணம் சின்ன ஊர். தம்பி வீட்டுப் பிள்ளை பத்து நாள் இருந்துவிட்டு எட்டிப் பார்க்காமல் போனாள் என்று நாலு பேர் வழியாக அவர் காதுக்குப் போனால், தலைகுனிவு உங்களுக்கல்ல, அவருக்கு. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

கணக்குப் பார்ப்பதுதானே உங்கள் தொழில்? கையில் 75 நிமிடம். ஓட்டலில் இடம் பிடித்து, சாப்பிட்டு, கை கழுவ 35. போக வர அரை மணி. பார்ப்பதற்கு மிஞ்சுவது 10. இதில் பதினோரு இடமாம். அத்தை வீட்டில் இலை தயாராக இருக்கும், பாத்ரூம் தேட வேண்டாம், வெயிலுக்கு ஒதுங்க ஒரு திண்ணையோ கூடமோ கிடைக்கும். நேரத்தைத் தின்பது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

கோயில்களைக் காலைக்கு மாற்றுங்கள். 6.30க்குக் கிளம்பினால் 8.30 வரை கல் குளிர்ந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒரு கோயில், அதற்கு மேல் வேண்டாம். ராமசாமி கோயிலுக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிராகாரச் சுவரில் ராமாயணத்தை மூன்று வரிசை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு வரிசை என்று பார்த்தால் மூன்று சுற்றில் கதை முடியும். அவசரக்காரர்கள் ஒரே சுற்றில் மேலும் கீழும் பார்த்து, கதை புரியாமல் வெளியே வருகிறார்கள். கருவறையில் பட்டாபிஷேகக் கோலம். அனுமன் ஒரு கையில் வீணையும் மறு கையில் ராமாயணச் சுவடியுமாக இருப்பார், தவறவிடாதீர்கள். அங்கிருந்து சக்கரபாணி கோயில் வரை நீளும் பெரிய தெரு நாயக்கர் காலத்தில் போட்ட கடைவீதி. நாகேஸ்வரன் கோயிலின் கோஷ்டச் சிற்பங்களுக்கும், அதாவது கருவறை வெளிச்சுவர் மாடங்களில் இருக்கும் சிற்பங்களுக்கும், காலைதான் நல்லது. சாய்ந்த வெளிச்சத்தில் முகம் தெளியும், உச்சிவெயிலில் தட்டையாகிவிடும்.

மதியத்துக்குப் பூட்டாத இடங்கள் போதும். மகாமகக் குளக்கரையில் 16 மண்டபங்கள் உண்டு. வடமேற்கு மூலை மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள்: அரசர் தராசுத் தட்டில் அமர்ந்து எடைக்கு எடை பொன் கொடுக்கும் துலாபுருஷ தானம் கல்லில் இருக்கிறது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. திறக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அதே தெருவில் நின்றால் கோயிலின் 11 நிலை ராஜகோபுரம் முழுசாகத் தெரியும்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். கழுவி, சுத்தமான துணியால் மூடி, இரண்டு நாள் நடையைக் குறையுங்கள். பிறகு பையில் ஒரு ஜோடி பருத்தி சாக்ஸ் இருக்கட்டும், தரை சுடும்போது போட்டுக்கொள்ள. சட்டென்று கழற்றி மாட்டும் செருப்பாகவும் பார்த்து வாங்குங்கள்.

அத்தைக்கு இன்று மாலையே போன் செய்யுங்கள். "நாளைக்கு ஒண்ணேகாலுக்கு வர்றேன் அத்தை, ரசமும் ஒரு கறியும் போதும், ரெண்டு மணிக்குக் கிளம்பிடணும்" என்று நேரத்தோடு சொன்னால் யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள். சொல்லாமல் போய் நின்றால்தான் உலை வைத்துக் காத்திருக்க வேண்டிவரும். ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம்; ஒரு சீப்புப் பழம், ஒரு கவுளி வெற்றிலை போதும். எப்போது வந்தாய் என்று கேட்பார். நேற்றுதான் என்று புளுகாதீர்கள். மூன்று நாளாகிவிட்டது என்று சொல்லி, திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்டோ வைத்து அவரையும் தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். சுமார் 4 கிலோமீட்டர்தான். படியேற அவர் முழங்கால் இடம் கொடுக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். முடியாதென்றால் தேர் வடிவில் இருக்கும் முன்மண்டபத்தை வெளியே நின்றே பார்க்கலாம். கல்லில் செதுக்கிய தேர்ச்சக்கரமும் குதிரையும் கீழிருந்தே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.