பச்சை முக்கோணம் இருந்தால் பசுமை மருந்தா?

கேள்வி: இரண்டு ஏக்கர் மஞ்சள் போட்டிருக்கிறேன். கோரையோடு மல்லுக்கட்டி மாளவில்லை, களை வெட்டவும் ஆள் கிடைப்பதில்லை. மருந்துக் கடைக்காரர் ஒரு கேனைக் காட்டி, "இது பசுமை வேதியியல்ல செஞ்சதுங்க, பச்சை முக்கோணமே இருக்குது பாருங்க, மண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறார். நம்பலாமா?
- கோபி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: முக்கோணத்தை வைத்து மட்டும் நம்பிவிடாதீங்க. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறம் உண்டு. உள்ளே போனாலோ மேலே பட்டாலோ எந்த அளவு நஞ்சு என்பதைச் சொல்கிற அடையாளம் அது. பச்சை என்றால் நான்கில் குறைவு, அவ்வளவுதான். மண்ணில் எத்தனை நாள் கிடக்கும், கிணற்றுக்கு இறங்குமா என்பதெல்லாம் அதில் தெரியாது.

பசுமை வேதியியல் வேறு சமாச்சாரம். 1998-இல் பால் அனஸ்தாஸ், ஜான் வார்னர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதற்கு 12 விதிகள் எழுதினார்கள். கழிவே வராமல் செய்வது, நஞ்சான மூலப்பொருளைத் தவிர்ப்பது, வேலை முடிந்ததும் பொருள் தானே சிதைவது எல்லாம் அதில் வரும். சிக்கல் என்னவென்றால், இதில் ஒன்றிரண்டுக்குப் பொருந்தினாலே 'பசுமை' என்று சொல்லிக்கொள்ளலாம். 1996-இல் அமெரிக்காவில் மான்சான்டோ கம்பெனிக்குப் பசுமை வேதியியல் விருது கொடுத்தார்கள்; கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு வேண்டிய இடைப்பொருளை, ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சு இல்லாமல், செம்பு வினையூக்கியை வைத்துச் செய்ததற்கு. ஆலையில் நிற்கிறவருக்கு அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எப்படிச் செய்தாலும் காட்டில் தெளிப்பது அதே கிளைபோசேட்தான்! ஆகவே கடைக்காரரிடம், செய்த விதம் பசுமையா, தெளித்த பிறகு பசுமையா என்று கேளுங்க. கேனில் மருந்தின் பெயரும் பதிவு எண்ணும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்க.

தெளித்த பிறகும் சீக்கிரம் சிதைகிற மருந்து இல்லாமல் இல்லை. பெலார்கோனிக் அமிலம் என்று ஒரு கொழுப்பு அமிலம், ஜெரேனியம் செடியிலேயே இருப்பது. பட்ட இலை சில மணி நேரத்தில் கருகிவிடும். ஆனால் மஞ்சள் இலையில் பட்டால் அதுவும் கருகும், கோரைக் கிழங்கு வரைக்கும் மருந்து இறங்காது; மறுபடி தளிர்க்கும். (உப்பும் வினிகரும் கலந்து அடிக்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்டு எங்கள் வாசலில் ஊற்றினோம். களை போனது, ஓரத்துச் செம்பருத்தியும் கூடவே போனது. தோட்டத்துக்குள் உப்பைக் கொண்டுபோகவே கூடாது.)

இந்தப் போகத்துக்குக் கிழங்கோடு கொத்தி எடுப்பதுதான் வழி. இலைதழையைப் பரப்பி மூடாக்குப் போட்டாலும் கோரை குத்திக்கொண்டு மேலே வரும், மற்ற களைகள் அடங்கும். அறுவடை முடிந்ததும் நல்ல வெயிலில் கோடை உழவு ஓட்டி, மேலே வரும் கிழங்கைக் காயவிடுங்க, இரண்டு மூன்று தடவை.