அடிபட்ட லைப்போ பேட்டரி: வெச்சுக்கலாமா, தூக்கிப் போடணுமா?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோபாலபுரம் பக்கம் ட்ரோனும் ஆர்சி (ரிமோட்) காரும் ஓட்டுற தம்பிங்க, அதுல போடற லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பத்தி கேட்டதுக்கெல்லாம் மொத்தமா இங்கயே பதில் சொல்லிடறேன்.

கேள்வி: அண்ணா, ஆடிக்காத்துல ட்ரோன் தென்னைமரத்துல மோதி கீழ விழுந்துருச்சு. மூணு செல் சேந்த பேட்டரி பேக், ஒரு மூலை நசுங்கிருக்கு. ஆனா உப்பல, வோல்ட்டும் சரியா காட்டுது. பறக்க விடலாமா?

வேண்டாம் தம்பி. பாலக்காட்டு கணவாய் காத்துல இப்படி விழுந்த பேக் நெறைய பாத்துட்டேன், எனக்கு பயமே இந்த "நல்லாத்தான இருக்கு"ங்கற பேக்தான். உப்புன பேட்டரிய யாரும் நம்ப மாட்டாங்க, இத நம்பி சார்ஜுக்கு போட்ருவாங்க. உள்ள ரெண்டு தகட்டுக்கும் நடுவுல இருக்கறது முடியை விட மெல்லிசான பிளாஸ்டிக் படலம், மூலை நசுங்குனா அது கிழிஞ்சிருக்கலாம், அப்பவே ஷார்ட் ஆகணும்னு இல்ல, மணிக்கணக்கா கழிச்சு, இல்லன்னா அடுத்த சார்ஜுல பத்திக்கும். என்னோட ஒரு பேக் காலைல விழுந்துச்சு, மத்தியானம் திண்ணைல சும்மா கெடந்தப்ப பொகைய ஆரம்பிச்சுது. அன்னைக்கு அது வீட்டுக்குள்ள இருந்திருந்தா என்ன ஆகிருக்கும்னு இப்பவும் நெனைப்பேன்.

அதனால விழுந்ததும் பேக்க கழட்டி வெளிய, காஞ்ச ஓலை மட்டை எதுவும் இல்லாத எடத்துல, மணல் போட்ட மண்சட்டில வெச்சுடுங்க. பேலன்ஸ் வயர்ல (ஒவ்வொரு செல்லுக்கும் தனியா வர்ற சின்ன வயர்) மல்டிமீட்டர் வெச்சு ஒவ்வொரு செல்லா அளந்து எழுதி வெச்சுட்டு மறுநாள் திரும்ப அளங்க. ஒரு செல் மட்டும் தனியா எறங்குனா உள்ள ஷார்ட் இருக்கு. எறங்கலன்னாலும், செல்லே நசுங்கிருக்கறதால நான் அத திரும்ப சார்ஜ் போட மாட்டேன்.

கேள்வி: லேசா உப்பிருக்கு. ஊசில குத்தி காத்த எடுத்துட்டு டேப் ஒட்டலாமாங்க?

குத்தவே கூடாது! அது வெறும் காத்து இல்ல, உள்ள இருக்கற திரவம் கெட்டு வந்த கேஸ், தீப்பிடிக்கும். ஊசியே உள்ள ஷார்ட் பண்ணிடும். இனிப்பா ஒரு வாசம் வந்தா ஏற்கனவே லீக்கு.

கேள்வி: சேட்டா, ஒரு செல் 2.1 வோல்ட்டுக்கு போயிருச்சு, சார்ஜர் எடுக்க மாட்டேங்குது. வேற மோடுல போட்டு எழுப்பலாம்னு சொல்றாங்களே?

சார்ஜர் எடுக்காததுக்கு காரணம் இருக்கு. 3 வோல்ட்டுக்கு கீழ போக விடக்கூடாது, ரொம்ப எறங்குனா உள்ள இருக்கற செம்பு கரைய ஆரம்பிச்சு, திரும்ப ஏத்தும்போது கண்ட எடத்துல படிஞ்சு ஷார்ட் ஆகும். எழுப்பாதீங்க.

கேள்வி: மேல் கவர் மட்டும் கிழிஞ்சிருக்கு?

உள்ள இருக்கற வெள்ளி நெற பை கீறாம, மடங்காம இருந்தா, செல் மூணும் ஒரே அளவு காட்டுனா ஓட்டலாம். சூடு காட்டுனா சுருங்கிப் பிடிக்கற புது ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுக்கங்க. முதல் ரெண்டு சார்ஜும் வெளிய, பக்கத்துலயே உக்காந்து.

கேள்வி: செத்த பேட்டரிய என்ன பண்றது? உப்புத்தண்ணில போட சொல்றாங்க.

உப்புத்தண்ணில வெளி முனைதான் மொதல்ல அரிச்சுப் போகும், உள்ள சார்ஜ் அப்படியே நின்னுரும். உப்பாம லீக் ஆகாம இருக்கற மூணு செல் பேக்னா, வெளிய வெச்சு, வண்டி இண்டிகேட்டரோட 12 வோல்ட் பல்பு மாட்டி முழுசா எறக்கிட்டு, முனைய டேப் சுத்தி பேட்டரி திரும்ப வாங்கறவங்ககிட்ட குடுங்க. 2022 பேட்டரி கழிவு விதிப்படி வித்த கம்பெனிங்களுக்கே அத திரும்ப எடுக்கற பொறுப்பு இருக்கு. உப்புனத, நசுங்குனத பல்புல மாட்டாம, மணல் சட்டியோடயே வெச்சு அவங்களுக்கு சொல்லுங்க. தோப்புல ஓலை எரிக்கற குழில மட்டும் போட்றாதீங்க, அந்த பொகை நெஞ்சுக்கு ரொம்ப கெடுதல், கொழந்தைங்க வேற சுத்திட்டு இருக்கும்.